பொட்வின்னிக் – ஃபிஷர், வார்னா 1962: அந்த டிரா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த ஆட்டம் இது?

1962-இல் பல்கேரியாவின் கருங்கடல் கரை நகரமான வார்னாவில் 15-ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. அதில் சோவியத் அணியும் அமெரிக்க அணியும் மோதியபோது முதல் பலகையில் ஆடப்பட்ட ஆட்டம் இது. வெள்ளைக்காய்கள் உலக சாம்பியன் மிகயில் பொட்வின்னிக்குக்கு, வயது 51. கறுப்பு பாபி ஃபிஷருக்கு, வயது 19. 68 நகர்த்தல்கள், முடிவு டிரா. இருவரும் பலகையில் நேருக்கு நேர் உட்கார்ந்தது வாழ்க்கையில் இந்த ஒரு முறைதான்.

கீழே ராஜா, ராணி, யானை, மந்திரி, குதிரை, சிப்பாய் என்றே எழுதியிருக்கிறேன். யானையைக் கோட்டை என்றும் மந்திரியை பிஷப் என்றும் சொல்லிப் பழகியவர்கள் அப்படியே மாற்றிப் படித்துக்கொள்ளலாம். நெடுவரிசைகளுக்கு ஏ முதல் எச் வரை எழுத்து, குறுக்கு வரிசைகளுக்கு 1 முதல் 8 வரை எண், இரண்டும் சேர்ந்தால் ஒரு கட்டம். × என்றால் வெட்டுவது, காயின் பெயர் இல்லாவிட்டால் நகர்வது சிப்பாய், ‘எஃப் குதிரை’ என்றால் எஃப் வரிசையில் நிற்கும் குதிரை.

டிராவில் முடிந்த ஆட்டத்துக்கு ஏன் இவ்வளவு பேச்சு?

இருபது நகர்த்தலில் கைகுலுக்கிவிட்டுப் போகும் டிராக்கள் உண்டு. அவற்றை ஆடியவர்களே மறந்துவிடுவார்கள். இது வேறு ரகம். உலக சாம்பியன் வீட்டிலேயே தயாரித்து வைத்திருந்த வழியை, அதைப் பலகையில் முதல்முறை பார்க்கும் 19 வயதுப் பையன் உடைத்துவிட்டான். சாம்பியன் ஒரு சிப்பாய் குறைந்து, தோல்வியின் விளிம்பில் நிற்கும்போது ஆட்டம் மறுநாளுக்கு ஒத்திவைக்கப்பட்டது. ராத்திரி முழுக்கத் தேடி ஒரு வழி கண்டுபிடித்து மறுநாள் தப்பினார். அதோடு முடிந்ததா என்றால் இல்லை. பலகையை எடுத்து வைத்த பிறகும் பல வருடங்கள் இரண்டு பேரும் எழுத்தில் சண்டையைத் தொடர்ந்தார்கள்.

என்னைக் கேட்டால், இந்த ஆட்டத்தில் யார் நன்றாக ஆடினார்கள் என்பதைவிட யார் எங்கே தயாராக இருந்தார்கள் என்பதுதான் முக்கியம். 17-ஆவது நகர்த்தலில் பொட்வின்னிக்கை மாட்டிவிட்டது அவருடைய வீட்டுப்பாடம். 46-ஆவது நகர்த்தலில் அவரைக் காப்பாற்றியதும் வீட்டுப்பாடமே.

அந்த நேரத்தில் இருவருக்கும் இடையே பகை இருந்ததா?

நேரடிப் பகை என்று சொல்ல முடியாது. ஆனால் சூழல் சூடாகத்தான் இருந்தது. அதே வருடம் குராசாவ் தீவில் கேண்டிடேட்ஸ் போட்டி நடந்தது. உலக சாம்பியனுக்குச் சவால் விடப்போவது யார் என்பதைத் தீர்மானிக்கும் போட்டி அது. பெட்ரோசியன் ஜெயித்தார், ஃபிஷருக்கு நான்காம் இடம். சோவியத் வீரர்கள் பெட்ரோசியன், கெரெஸ், கெல்லர் மூவரும் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு டிரா செய்து, எனக்கு எதிராக மட்டும் முழு பலத்தோடு ஆடினார்கள் என்று ஃபிஷர் அமெரிக்கப் பத்திரிகையில் பகிரங்கமாக எழுதினார். அந்தக் கட்டுரையின் சூடு ஆறுவதற்குள் வார்னா ஒலிம்பியாட் வந்துவிட்டது.

சோவியத் அணியில் அப்போது இருந்தவர்கள் பொட்வின்னிக், பெட்ரோசியன், ஸ்பாஸ்கி, கெரெஸ், கெல்லர், தால். ஃபிஷர் குற்றம் சாட்டிய மூன்று பேரும் அதே கூடத்தில்தான். அவர்களில் கெல்லரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரிக் கதையில் வருவார்.

ஓப்பனிங் எது?

ஓப்பனிங் என்றால் ஆட்டத்தைத் தொடங்கும் நகர்த்தல் வரிசை. இங்கே அது குரூன்ஃபெல்ட் டிஃபென்ஸ். ஆஸ்திரியாவின் எர்ன்ஸ்ட் குரூன்ஃபெல்ட் 1920-களில் கொண்டுவந்தது. 1922-இல் வியன்னாவில், பின்னாளில் உலக சாம்பியனான அலெகைனையே இதை வைத்து வீழ்த்தினார்.

யோசனை இதுதான். வெள்ளை டி4, சி4 என்று நடுப்பலகையைப் பிடிக்கிறது. கறுப்பு சண்டை போடாமல் ஜி6 ஆடி மந்திரிக்கு ஜி7-இல் இடம் செய்கிறது. அப்புறம் திடீரென்று டி5. ‘நடுப்பலகை முழுக்க நீயே எடுத்துக்கொள், ஆனால் அதைக் காப்பாற்றும் பாடும் உன்னுடையது’ என்கிற மாதிரியான ஓப்பனிங். வெள்ளையின் சிப்பாய்கள் கம்பீரமாக முன்னே வந்து நிற்கும். ஜி7 மந்திரி மூலைவிட்டத்தில் அவற்றைக் குறிபார்த்துக்கொண்டே இருக்கும். சிப்பாய்கள் நிலைத்தால் கறுப்புக்கு மூச்சு முட்டும். சரிந்தால் வெள்ளைக்குக் கையில் ஒன்றும் மிஞ்சாது.

ஃபிஷர் பெரும்பாலும் கிங்ஸ் இந்தியன் ஆடுபவர், குரூன்ஃபெல்ட் அவர் எப்போதாவது எடுப்பது. ஆனால் அவரைப் பிரபலமாக்கிய ஆட்டமே இந்த ஓப்பனிங்கில் வந்ததுதான். 1956-இல் நியூயார்க்கில் 13 வயது ஃபிஷர் டொனால்ட் பைர்னை வென்ற ஆட்டம் அது. நகர்த்தல் வரிசை சற்று மாறினாலும் வந்து சேர்ந்த நிலை குரூன்ஃபெல்ட் தான். அதிலும் வெள்ளை ராணி சி5-இல் வந்து நின்று வம்பை விலைக்கு வாங்கிக்கொண்டது. இங்கேயும் அதே கட்டம்! தற்செயல்தான், ஆனாலும் இரண்டு ஆட்டங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் சிரிப்பு வரும்.

வார்னாவில் எந்த வழியில் போனார்கள்?

வெள்ளை 5-ஆவது நகர்த்தலில் ராணியை பி3-க்குக் கொண்டுவரும் ரஷ்ய முறை. அதற்குள் கறுப்பு எடுத்தது ஸ்மிஸ்லோவ் வழி. ஜி4-க்கு மந்திரியை அனுப்பிவிட்டு, எஃப்6 குதிரையை டி7-க்குப் பின்வாங்குவது இதன் அடையாளம். முன்னேற வேண்டிய குதிரை பின்னால் போகிறதே என்று தோன்றும். ஆனால் அது விலகியதும் ஜி7 மந்திரிக்கு டி4 வரை பாதை திறந்துவிடுகிறது, குதிரையும் பி6-க்குப் போய் ராணியை விரட்டத் தயாராகிறது.

17-ஆவது நகர்த்தல் வரை இப்படி:

1. சி4 ஜி6 2. டி4 குதிரை எஃப்6 3. குதிரை சி3 டி5 4. குதிரை எஃப்3 மந்திரி ஜி7 5. ராணி பி3 டி×சி4 6. ராணி×சி4 கேஸ்லிங் 7. இ4 மந்திரி ஜி4 8. மந்திரி இ3 எஃப் குதிரை டி7 9. மந்திரி இ2 குதிரை சி6 10. யானை டி1 குதிரை பி6 11. ராணி சி5 ராணி டி6 12. எச்3 மந்திரி×எஃப்3 13. ஜி×எஃப்3 எஃப் யானை டி8 14. டி5 குதிரை இ5 15. குதிரை பி5 ராணி எஃப்6 16. எஃப்4 இ குதிரை டி7 17. இ5 ராணி×எஃப்4!

படிக்கும்போதே பலகையில் வைத்துப் பார்ப்பது நல்லது. அடுத்த கேள்விக்கு இந்த நிலை கண் முன்னே இருக்க வேண்டும்.

17-ஆவது நகர்த்தலில் அப்படி என்ன விசேஷம்?

ஸ்மிஸ்லோவை எதிர்கொள்வதற்காக பொட்வின்னிக் முன்பே வீட்டில் அலசி வைத்திருந்த வழி இது. ஸ்மிஸ்லோவுடன் அவர் 1954, 1957, 1958 என்று மூன்று முறை உலகப் பட்டத்துக்காக மோதியவர். அந்த நாட்களின் நோட்டுப் புத்தகச் சரக்கு வார்னாவில்தான் வெளியே வந்தது. 17. இ5 வரை அவர் போட்ட கணக்குப்படியே எல்லாம் போயிற்று.

நிலையைப் பாருங்கள். வெள்ளை ராணி சி5-இல். அதை பி6-க்குப் பக்கத்துணையாக நிற்கும் டி7 குதிரை தாக்குகிறது. கறுப்பு ராணி எஃப்6-இல். அதை இ5 சிப்பாய் தாக்குகிறது. குதிரை ராணியை வெட்டினால் சிப்பாயும் ராணியை வெட்டும். அப்போது அந்தச் சிப்பாய் ஜி7 மந்திரியையும் மிரட்டும், சி5-இல் நிற்கும் குதிரையையோ இ3 மந்திரி குறி வைத்திருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் காப்பாற்ற முடியாமல் கறுப்புக்கு ஒரு காய் போகும். சரி, ராணியை வேறு எங்காவது நகர்த்தினால்? வெள்ளை ராணியும் நிதானமாக நகர்ந்துகொள்ளும், வெள்ளைக்குச் சௌகரியமான ஆட்டம்.

ஃபிஷர் எஃப்4 சிப்பாயை ராணியால் வெட்டினார். இ3 மந்திரியின் வாயிலேயே போய் நின்றது ராணி. மந்திரி அதை வெட்டினால் அது இ3-ஐ விட்டுப் போய்விடுகிறது. எனவே குதிரை சி5-இல் ராணியை வெட்டும்போது அங்கே திருப்பி வெட்ட ஆள் இல்லை. கணக்குப் போட்டால் ராணிக்கு ராணி சரி, கறுப்புக்கு ஒரு சிப்பாய் லாபம்.

பதிலுக்கு வெள்ளை ராணியால் பி6 குதிரையை வெட்டலாமே என்று எல்லாரும் கேட்பார்கள். அதற்குத்தான் இ4. கறுப்பு ராணி அங்கே நழுவினால் எச்1 யானை அடி வாங்குகிறது, பி6-இல் நிற்கும் வெள்ளை ராணியும் வெட்டுக் கொடுத்தபடி நிற்கிறது. எஃப்3 என்று தடுத்தால் எச்4-இல் செக், மந்திரி எஃப்2-க்கு வந்தால் பி4-இல் இன்னொரு செக். வெட்டிய குதிரையை வெள்ளை திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும். இந்த மூலைவிட்டம் திறந்து கிடப்பதற்குக் காரணமே 13-ஆவது நகர்த்தலில் ஜி சிப்பாயால் வெட்டியதும், அதே சிப்பாயை 16-இல் எஃப்4-க்குத் தள்ளியதும்தான். வெள்ளையின் ‘பலமான’ நகர்த்தல்கள் எல்லாம் சேர்ந்து தோண்டிய பள்ளம்.

வீட்டு அலசலில் பொட்வின்னிக் இதைப் பார்க்கவில்லை. பலகையில்தான் பார்த்தார். தயாரிப்புக்குப் பேர்போனவர், அந்தத் துறையையே ஒரு விஞ்ஞானமாக ஆக்கியவர் என்று பெயரெடுத்தவருக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் ஏன் ஃபிஷர் சுலபமாக ஜெயிக்கவில்லை?

பொட்வின்னிக் அதிர்ந்தாலும் உடைந்துவிடவில்லை. 18. மந்திரி×எஃப்4 குதிரை×சி5 19. குதிரை×சி7 என்று ஒன்றைத் திரும்ப எடுத்தார், 20. டி6 என்று சிப்பாயைத் தள்ளிச் சிக்கலாக்கினார். ஃபிஷர் பி2 சிப்பாயைச் சாப்பிட்டார். ஆக ஒரு சிப்பாய் அதிகம். ஆனால் டி6-இல் குத்திக்கொண்டு நின்ற வெள்ளைச் சிப்பாயை ஒழிப்பதற்கு அவருக்குப் பத்து நகர்த்தல் ஆயிற்று. காய்கள் ஒவ்வொன்றாகப் பரிமாறப்பட்டு, கறுப்புக்கு யானை, குதிரை, நான்கு சிப்பாய், வெள்ளைக்கு யானை, மந்திரி, மூன்று சிப்பாய் என்று வந்து நின்றது.

இங்கேதான் எனக்கு ஃபிஷரோடு சண்டை. 41-ஆவது நகர்த்தலில் குதிரையை இ4-இல் வைத்து செக் கொடுத்து, அதை மந்திரியோடு மாற்றிக்கொண்டார். குதிரை நல்ல கட்டத்தில் இருந்தது, வெள்ளை தவித்துக்கொண்டிருந்தது, அவசரமே இல்லை. மாற்றியதும் கிடைத்தது யானை எண்ட்கேம், அதாவது ராஜாவும் சிப்பாய்களும் போக யானைகள் மட்டும் மிஞ்சும் கடைசிக் கட்டம். ஒரு சிப்பாய் அதிகமாக இருந்தாலும் யானை எண்ட்கேம் டிராவுக்கு நழுவும் என்பது செஸ் ஆடுபவர்கள் காலங்காலமாகச் சொல்லி வருவது. தோற்கிற பக்கம் எப்போதும் விரும்புவதும் அதைத்தான்.

ஆட்டத்தை ஒத்திவைப்பது என்றால் என்ன? இப்போது அது ஏன் இல்லை?

அந்தக் காலத்தில் ஒரு ஆட்டம் அன்றைய நேரத்துக்குள் முடியவில்லை என்றால் மறுநாள் தொடரும். நகர்த்த வேண்டியவர் தன் அடுத்த நகர்த்தலைப் பலகையில் ஆடாமல் தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, நடுவரிடம் கொடுத்துவிடுவார். எதிராளிக்கு அது தெரியாது. இரண்டு பக்கமும் இரவு முழுக்க அலசலாம். நண்பர்கள், அணியினர், பயிற்சியாளர் என்று யார் வேண்டுமானாலும் உதவலாம். இது திருட்டுத்தனம் இல்லை, விதிக்குள் உள்ளதுதான். அமெரிக்க அணிக்கும் அந்த வசதி இருந்தது. ஆனால் உதவிக்கு உட்காரும் ஆட்களின் தரம் என்று பார்த்தால் சோவியத் பக்கம்தான் கனம் அதிகம், அதை மறுக்க முடியாது.

கணினிகள் மனிதர்களை மிஞ்ச ஆரம்பித்ததும் இந்த வழக்கம் அர்த்தமிழந்தது. ராத்திரி அலசுவது இயந்திரம்தான் என்றால் ஆடுவது யார்? 1990-களில் கைவிட்டுவிட்டார்கள்.

அன்று இரவு என்ன நடந்தது?

45. ஏ4 வரை ஆடியாயிற்று. ஃபிஷரின் நகர்த்தல் உறைக்குள். நிலைமையை வெறும் கண்ணால் பார்த்தால் கறுப்பு ஜெயிப்பது போலத்தான் தெரியும். வெள்ளைக்கு ஏ, எஃப், எச் வரிசைகளில் ஆளுக்கொன்றாகச் சிதறிக் கிடக்கும் மூன்று சிப்பாய்கள். கறுப்புக்கு ஏ, பி, ஜி, எச் என்று ஜோடி ஜோடியாக நான்கு. அதன் ராஜாவும் ஜி5 வரை வந்து நிற்கிறது.

சோவியத் அணி உட்கார்ந்து தேடியது. வழியைக் கண்டது எஃபிம் கெல்லர். எல்லோரும் ஏ4 சிப்பாயை எப்படிக் காப்பது என்று யோசித்துக்கொண்டிருக்க, அதை விட்டுவிடலாம் என்றார் அவர். யானையை எஃப்7-க்கு அனுப்பு, கறுப்பு ஏ4-ஐ எடுப்பதற்குள் நாம் எச்7-ஐ எடுத்துவிடுவோம், பிறகு எஃப், எச் சிப்பாய்கள் இரண்டும் கறுப்பின் ஒற்றை ஜி சிப்பாயோடு விளையாடட்டும் என்பதே யோசனை. சும்மா உட்கார்ந்து காப்பதைவிட ஒன்றைக் கொடுத்துவிட்டு யானைக்கு வேலை கொடுப்பது. யானை எண்ட்கேமில் இன்றைக்கும் பயிற்சியாளர்கள் தொண்டை வற்றச் சொல்லும் பாடம். பொட்வின்னிக் விடியும் வரை தூங்காமல் அதன் கிளைகளைச் சரிபார்த்தார்.

குராசாவில் கூட்டுச் சேர்ந்தார்கள் என்று ஃபிஷர் யார்மீது பாய்ந்தாரோ, அவர்களில் ஒருவரிடமிருந்தே வந்தது இந்த யோசனை. நாவலாசிரியர் யாராவது இப்படி எழுதியிருந்தால் ‘ரொம்ப ஜோடனை’ என்று சொல்லியிருப்போம்.

மறுநாள் ஃபிஷர் எங்கே தவறினார்?

உறையைப் பிரித்தால் யானை சி5. எதிர்பார்த்ததுதான். 46. யானை எஃப்7 யானை ஏ5 47. யானை×எச்7 யானை×ஏ4 48. எச்4 செக். கறுப்புக்கு இன்னமும் ஏ, பி சிப்பாய்கள் தடையின்றி ஓடக்கூடியவை. ஆபத்து தீர்ந்துவிடவில்லை.

திருப்பம் 51-இல். ஃபிஷர் பி5 என்று சிப்பாயைத் தள்ளினார். பார்த்தால் மிக இயல்பான நகர்த்தல், ஓட வேண்டிய சிப்பாய் ஓடுகிறது. பொட்வின்னிக் உடனே 52. எச்5. ஜி சிப்பாய் அதை வெட்டினால் ஜி வரிசை திறக்கிறது, யானை ஜி5-இல் செக் கொடுக்கிறது. கறுப்பு ராஜா இ5-இல், அதே ஐந்தாம் வரிசையில் கொஞ்சம் தள்ளி பி5-இல் சிப்பாய். ராஜா விலகியதும் யானை நேரே போய்ச் சிப்பாயை அள்ளிக்கொள்கிறது. அப்படியே நடந்தது: 52... யானை ஏ3 செக் 53. ராஜா ஜி2 ஜி×எச்5 54. யானை ஜி5 செக் ராஜா டி6 55. யானை×பி5. பி சிப்பாய் பி6-இலேயே இருந்திருந்தால் இந்தத் தந்திரம் பலித்திருக்காது.

கடைசி நிலையில் கறுப்புக்கு ஒரு சிப்பாய் அதிகம்தானே? ஏன் டிரா?

கடைசியில் வெள்ளைக்கு ஜி1-இல் ராஜா, ஏ6-இல் யானை, எஃப்6-இல் சிப்பாய். கறுப்புக்கு எஃப்7-இல் ராஜா, டி3-இல் யானை, ஏ3, எச்3-இல் சிப்பாய்கள். வெள்ளை யானை நிற்கும் இடத்தைப் பாருங்கள். ஆறாம் வரிசையில் பக்கவாட்டில் எஃப்6 சிப்பாயைக் காக்கிறது, ஏ வரிசையில் நேராக ஏ3 சிப்பாயைத் தாக்குகிறது. ஒரே காய், இரண்டு வேலை. கறுப்பு ராஜாவோ எஃப் சிப்பாயை விட்டு நகர முடியாது. எச்3 சிப்பாயை ஓடவிடாமல் வெள்ளை ராஜா மறித்து நிற்கிறது. மிச்சமிருப்பவை இரண்டுமே ஓரச் சிப்பாய்கள், யானை எண்ட்கேமில் கடைசி வரிசை வரை கொண்டுபோய் ராணியாக்கக் கஷ்டமானவை அவைதான்.

அப்படியானால் ஃபிஷர் ஜெயித்திருக்க முடியுமா, முடியாதா?

1969-இல் வெளிவந்த தன் 60 ஆட்டங்களின் தொகுப்பில் ஃபிஷர் இந்த டிராவையும் சேர்த்தார். தோற்ற ஆட்டமாக நினைக்கவில்லை, பறிபோன வெற்றியாகத்தான் நினைத்தார். 51-இல் பி5 ஆடாமல் ராஜாவை நகர்த்தியிருந்தால் வெற்றி என்று நீண்ட அலசலோடு வாதிட்டார். பொட்வின்னிக் ஒப்புக்கொள்ளவில்லை.

அவர் நடத்திய செஸ் பள்ளியில் மாணவர்களுக்கு இந்த நிலையைப் பாடமாகக் கொடுத்தார். அங்கே ஒரு சிறுவன், வயது 13, ஃபிஷரின் அலசலில் வெள்ளை தப்பிக்கும் வழியைக் கண்டுபிடித்தான். பெயர் கேரி காஸ்பரோவ். வார்னாவில் ஆட்டம் நடந்தபோது பிறந்திருக்கவே இல்லை அவர்.

எங்கே ஜெயிக்கலாம், எங்கே முடியாது என்ற விவாதம் அதற்குப் பிறகும் ஓயவில்லை. என் தனிப்பட்ட கருத்து, ஃபிஷர் 51-ஐப் பற்றி அவ்வளவு எழுதியதற்குப் பதில் 41-ஐப் பற்றி எழுதியிருக்கலாம்.

இந்த ஓப்பனிங் அப்புறம் என்ன ஆயிற்று?

நன்றாகவே இருக்கிறது. மறு வருடமே, 1963-இல் பெட்ரோசியனுக்கு எதிரான உலகப் பட்டப் போட்டியில் பொட்வின்னிக் கறுப்புக்காய்களோடு குரூன்ஃபெல்ட் ஆடினார். 5-ஆவது ஆட்டத்தில் அதிலேயே தோற்றார், கடைசியில் பட்டமும் போயிற்று. கார்போவுக்கு எதிரான பட்டப் போட்டிகளில் காஸ்பரோவ் இதை எடுத்தார். நம் ஆனந்துக்கும் இதோடு கணக்கு உண்டு. 2010-இல் சோஃபியாவில் டோபலோவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் கறுப்பில் இதை ஆடித் தோற்றார், ஆனால் போட்டியை ஜெயித்தார். 2012-இல் மாஸ்கோவில் கெல்ஃபாண்ட் முதல் ஆட்டத்திலேயே ஆனந்துக்கு எதிராக இதைக் கொண்டுவந்தார். அது டிரா.

புதிதாக ஆட ஆரம்பிப்பவர்களுக்கு நான் இதைச் சிபாரிசு செய்வதில்லை. நடுப்பலகையை எதிராளியிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பதற்கு அனுபவம் வேண்டும்.

இருவரும் மறுபடி ஆட வாய்ப்பே வரவில்லையா?

வந்தது, கை நழுவியது. 1970-இல் நெதர்லாந்தின் லெய்டனில் இருவருக்கும் தனிப் போட்டி வைக்கப் பேச்சு நடந்தது. நிபந்தனைகளில் ஒத்துவரவில்லை. அதற்குப் பதிலாக அங்கே ஸ்பாஸ்கி, லார்சன், டோனர், பொட்வின்னிக் நால்வர் ஆடிய போட்டி நடந்தது. அதோடு பொட்வின்னிக் போட்டி ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். இரண்டு வருடம் கழித்து ரெய்க்யாவிக்கில் ஸ்பாஸ்கியை வென்று ஃபிஷர் உலக சாம்பியன் ஆனார்.

முழு ஆட்டத்தையும் பார்க்க நேரமில்லை. எதை மட்டும் பார்க்கலாம்?

இரண்டு நிலைகளை வையுங்கள். முதலாவது, 17. இ5-க்குப் பிறகு கறுப்பு ஆட வேண்டிய நிலை. விடை தெரிந்திருந்தாலும் ராணியை எஃப்4-இல் வைத்துவிட்டு வெள்ளையின் ஒவ்வொரு பதிலையும் நீங்களே தேடுங்கள். இரண்டாவது, ஒத்திவைத்த நிலை. வெள்ளை: ராஜா ஜி3, யானை எஃப்3, சிப்பாய்கள் ஏ4, எஃப்2, எச்3. கறுப்பு: ராஜா ஜி5, யானை சி7, சிப்பாய்கள் ஏ7, பி6, ஜி6, எச்7. கறுப்பு ஆட வேண்டும். ஒருவர் வெள்ளை, ஒருவர் கறுப்பு என்று நண்பரோடு உட்கார்ந்து ஆடிப் பாருங்கள், பிறகு பக்கம் மாற்றி ஆடுங்கள். கணினியைக் கடைசியில் திறந்தால் போதும்.